தன்னைப் புகழத் தகும் இடம்

அயல்நாட்டு அரசொன்று அல்லது அறக்கட்டளையொன்று பயணச்செலவையும் கல்விக்கட்டணத்தையும் உறைவிடச் செலவையும் ஏற்றுக்கொண்டு, பிறநாட்டு மாணவர்களைச் சில வாரங்களோ ஓராண்டோ தன் மண்ணில் தங்கவைத்துப் பயிற்றியனுப்பும் ஏற்பாடு மாணவர் தலைமைப் பரிமாற்றத் திட்டம் எனப்படுகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அயல்நாடுகளில் எஞ்சிக்கிடந்த அமெரிக்கத் தளவாடங்களை விற்ற பணத்தைக் கொண்டு 1946இல் தொடங்கப்பட்ட ஃபுல்பிரைட் திட்டம் இவ்வகை முயற்சிகளுள் பெயர்பெற்றது. 2002இல் அமெரிக்க அரசு பள்ளி மாணவர்களுக்காக ஏற்படுத்திய கென்னடி–லூகர் இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில் இந்திய மாணவர்களுக்கும் இடம் உண்டு. பிரிட்டிஷ் அரசின் செவ்னிங் உதவித்தொகை முதுகலைப் படிப்புக்கானதாயினும் தலைமைப் பண்பையே முதன்மைத் தகுதியாகக் கொண்டது. இவற்றுக்கு விண்ணப்பிப்பவரிடம் மதிப்பெண் பட்டியலும் கடவுச்சீட்டின் நகலும் கேட்கப்படுவதோடு, ஏதேனும் ஒரு வடிவில் தன்விவரக் கட்டுரையும் கேட்கப்படுகிறது. தான் எவ்வகையில் தலைவர், யாரை வழிநடத்தினார், தன் செயலால் என்ன மாறியது, விண்ணப்பித்த பலருள் தன்னைத் தேர்ந்தெடுக்க வேண்டியதன் காரணம் யாது என்பவற்றை விண்ணப்பிப்பவர் தம் சொற்களிலேயே எழுதித் தரவேண்டும் என்பது அதன் பொருள். இந்தக் கோரிக்கை மாணவரைக் கொண்டுபோய் நிறுத்துகின்ற இடம், தன் சிறப்பைத் தானே எடுத்துரைப்பது அறத்துக்கு ஒத்ததா, ஒக்குமாயின் எங்கே, எந்த அளவுக்கு என்னும் மிகப் பழைய வினாவின் வாசல்.

அடக்கம் நம் மரபு, தன்விளம்பரம் மேலைநாட்டு வழக்கம் என்று இதை எளிதில் தீர்த்துவிடுவோர் உண்டு. எக்காலத்தும் தன்னைத் தான் வியந்துகொள்ளலாகாது என்று குற்றங்கடிதல் அதிகாரத்தில் வள்ளுவர் விலக்குவதும், அடக்கமுடைமைக்குத் தனி அதிகாரமே வகுத்திருப்பதும் அவர்களுக்குத் துணைநிற்கும். ஆனால் தமிழ் மரபு அவ்விடத்திலேயே நின்றுவிடவில்லை. தன்புகழ் தகாது என்ற பொதுவிதியையும், அது தகும் இடங்கள் இவை என்ற சிறப்புவிதியையும் அடுத்தடுத்து வைத்து ஆராய்ந்த நூலொன்று தமிழில் உண்டு. அது அறநூல் என்று பெயர் பெற்றதன்று. இலக்கண நூலாகிய நன்னூல்.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டிக்கொள்ளப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலுக்கு முன்னுரையாகிய பாயிரத்தின் இலக்கணத்தைக் கூறித் தொடங்குகிறது. எல்லா நூலுக்கும் பொதுவானது பொதுப்பாயிரம். குறிப்பிட்ட ஒரு நூலின் ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, நூற்பயன் முதலியவற்றைச் சொல்லி அதைச் சிறப்பிப்பது சிறப்புப்பாயிரம். இந்தச் சிறப்புப்பாயிரத்தை எழுதத் தக்கவர் யார் என்னும் கேள்விக்கு நன்னூல் நால்வரைச் சுட்டுகிறது: நூலாசிரியரின் ஆசிரியர், அவரோடு உடன் கற்றவர், அவருடைய மாணாக்கர், நூலுக்குத் தகுந்த உரை எழுதுபவர். நூல் செய்தவரே அதை எழுதினால் என்ன என்று கேட்பாருக்கு விடைபோல் அடுத்த நூற்பா அமைகிறது. இதுவரை தோன்றாத நுட்பங்களைத் தோற்றுவித்துப் பல துறைகளில் நூல் முடித்தவரேயாயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகுதியன்று என்பது அதன் கருத்து. அதையும் அடுத்து, தன்னைப் புகழ்தல் புலவர்க்குத் தகும் என நான்கு இடங்கள் விலக்காகக் கூறப்படுகின்றன. அரசனுடைய அவைக்கு ஓலையில் பாட்டெழுதி அனுப்பும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களின் நடுவே நிற்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில், எதிராளி தன்னைப் பழித்தபோது என்பவை அவ்விடங்கள்.

இவ்வரிசையில் முதலிரண்டும் இன்றைய விண்ணப்பத்துக்கு எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதை நின்று நோக்கவேண்டும். ஓலைத்தூக்கு என்பது ஓலையில் எழுதி விடுக்கும் பாட்டு. பிற்காலத்தில் சீட்டுக்கவி என்று தனி வகையாகவே அது வளர்ந்தது. எழுதியவர் அங்கே உடன் செல்வதில்லை. அவருடைய முகமும் குரலும் முன்பு செய்த செயல்களும் அவையினருக்குத் தெரியா. ஓலை ஒன்றே அவருக்காகப் பேசவேண்டும். அந்தகக்கவி வீரராகவ முதலியாரின் சீட்டுக்கவிகள் தம் புலமையைக் கூசாமல் அறிவிப்பதும், 1919இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு விடுத்த பாடல்களில் பாரதியார் தம்மால் தமிழ் பெற்ற ஏற்றத்தை உரத்த குரலில் கூறுவதும் இந்த உரிமையை நம்பியே. அங்கே அடங்கி எழுதுதல் பண்பாகாது. கேட்பவருக்குத் தேவையான செய்தியை மறைத்தலாகவே முடியும். மதுரைக்கோ மட்டக்களப்புக்கோ ஒருமுறையும் வந்திராத தேர்வுக்குழுவினர், ஒரு மாணவி தன் ஊரில் நூலகத்தை மீண்டும் திறக்கச் செய்தாள் என்பதை அவள் சொல்லாவிட்டால் எவ்வாறும் அறியமாட்டார்கள். தன்புகழ்ச்சிக்கு அளிக்கப்படும் அனுமதி புகழ்பவருடைய பெருமையிலிருந்து பிறப்பதன்று, கேட்பவருடைய அறியாமையிலிருந்து பிறப்பது என்பதே நன்னூல் விதியின் நுண்மை. அறிந்தவர் நடுவில் தற்பெருமையாகும் அதே தொடர், அறியாதவர் நடுவில் சாட்சியமாகிறது.

எனினும் இவ்விதியை இயற்றியவர் சமண முனிவர் என்பதை மறந்து இதைப் படித்தால் அதன் எடை முழுவதும் விளங்காது. சமண சமயம் உயிரை வினையோடு பிணிக்கும் அழுக்குகளாகக் கோபம், மானம், மாயை, லோபம் என நான்கினைக் கூறி, அவற்றைக் கஷாயங்கள் என்று வழங்குகிறது. இங்கே மானம் என்பது செருக்கு. தமிழில் இச்சொல் தன்மதிப்பு என்ற உயர்ந்த பொருளைப் பெற்று ஒரு குறள் அதிகாரத்துக்குத் தலைப்பும் ஆகியிருப்பதால், சமணக் கலைச்சொல்லாக வரும்போது அது குற்றத்தின் பெயர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். மாயை என்பதும் அங்கே வேதாந்தத்தின் மாயையன்று; வஞ்சனை, உள்ளதை ஒளித்து இல்லாததைக் காட்டல் என்னும் பொருளது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஆறாம் அத்தியாயத்தில் இழிந்த பிறப்பைத் தரும் கோத்திர வினை ஒருவரை வந்து சேர்வதற்கான காரணங்களைக் கூறுமிடத்தில் நான்கினை ஒன்றாக அடுக்குகிறது: பிறரை இகழ்தல், தன்னைப் புகழ்தல், பிறரிடம் உள்ள குணத்தை மூடுதல், தன்னிடம் இல்லாத குணத்தை வெளிப்படுத்தல். தன்புகழ்ச்சி தனியாக வரும் தீமையன்று, மற்ற மூன்றையும் அழைத்துக்கொண்டே வருவது என்று இவ்வடுக்கைப் பொருள்கொள்ள இடமுண்டு. அவ்வாறு கொண்டால், சமண முனிவரொருவர் தன்புகழ்ச்சிக்கு நான்கே வாயில்களைத் திறந்து மற்றவற்றை அடைத்ததன் கவலை விளங்குகிறது.

இன்றைய விண்ணப்பதாரருக்கு நேரும் இடர் பெரும்பாலும் மானத்தால் வருவதன்று, மாயையால் வருவது. கிராமத்திலிருந்தும் சிறு நகரத்திலிருந்தும் இத்திட்டங்களுக்கு எழுதும் மாணவர்களிடம் செருக்கு மிகுந்திருப்பதாகச் சொல்ல இயலாது. அவர்களில் பலர் தம் செயலைச் செயலென்றே கருதாதவர்கள். ஆனால் வினா கேட்கப்படும் முறையே அவர்களை ஒரு திசையில் தள்ளுகிறது. வெள்ளம் வந்தபோது நாற்பது பேர் சேர்ந்து சோறு பொங்கிப் பொட்டலம் கட்டி வீடுதோறும் கொண்டுசேர்த்த செயலை, ஒருவர் திட்டமிட்டு நாற்பது பேரை இயக்கிய செயலாக எழுதும்போது, சொல்லப்பட்ட ஒவ்வொன்றும் மெய்யாக இருந்தும் சொல்லின் மொத்த உருவம் பொய்யாகிவிடக்கூடும். பாத்திரம் இரவல் வாங்கித் தந்தவர், விறகு கொணர்ந்தவர், எந்தத் தெருவில் நடமாட இயலாத முதியோர் இருக்கின்றனர் என்று அறிந்திருந்தவர் அனைவரும் அவ்வுருவத்தில் மறைந்துபோகின்றனர். பிறரிடம் உள்ள குணத்தை மூடுதல் என்று சூத்திரம் கூறுவது இதுவே. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் குறிக்கோள் தொடர் ‘நானல்ல, நீ’ என்னும் பொருளுடையது. அத்திட்டத்தின் சின்னத்தை மார்பில் குத்திக்கொண்டு முகாம்களில் உழைத்த மாணவரே, பின்னர் அதே உழைப்பை ‘நான்’ என்னும் எழுவாயில் எழுதிக் காட்டவேண்டி வருவது சிறிய முரணன்று.

மொழியும் இதில் பங்குகொள்கிறது. கேட்பவரையும் உட்படுத்துவது நாம், கேட்பவரை விலக்கித் தன்னோடு நின்றாரை மட்டும் குறிப்பது நாங்கள் என்று தமிழ் வேறுபடுத்துகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். உடனுழைத்தவர்களைச் சுட்டும் ‘நாங்கள்’ அம்மொழிக்குப் பெயரும்போது அதன் கூர்மையை இழந்து, பொறுப்பை யார் மேலும் வைக்காத மங்கலான பன்மையாகிவிடுகிறது. ஆகவே பயிற்சி தருவோர் அதை விலக்கி ஒருமையில் எழுதுமாறு அறிவுறுத்துகின்றனர். அவ்வறிவுரை தேர்வுக்கு உதவலாம். ஆனால் ‘நாங்கள்’ என்பதன் உள்ளே இருந்த ஆட்களைப் பெயரும் பணியும் சுட்டி எழுதி, அவர்கள் நடுவே தன் பங்கு இன்னதென்று பிரித்துக்காட்டுவதே உண்மைக்கு உகந்த வழி, அது நீண்டதாயினும்.

மிகைக்கு அஞ்சிக் குறைத்துக் கூறுவதும் தப்பும் வழியாகாது. நிகோமாக்கிய அறவியலின் நான்காம் பகுதியில் அரிஸ்டாட்டில், தற்பெருமை பேசுவோருக்கும் தம்மைக் குறைத்துப் பேசுவோருக்கும் நடுவே உள்ளதை உள்ளவாறு கூறுபவரை நிறுத்தி, அவரும் சற்றுக் குறைவின் பக்கம் சாய்வது நன்று என்கிறார்; ஆனால் அளவுகடந்த குறைத்துக்கூறலும் ஒருவகைத் தற்பெருமையே என்பதற்கு ஸ்பார்த்தர் அணியும் எளிய உடையைச் சான்று காட்டுகிறார். புளூட்டார்க் இப்பொருளுக்கென்றே ஒரு கட்டுரை எழுதியவர். பழியைத் துடைக்கவும் பிறரை நன்னெறியில் ஊக்கவும் தன்புகழ் பேசலாம் என்று அவர் இசைவதில் முன்னது நன்னூலோடு ஒத்துச் செல்கிறது. புகழ்ச்சியினூடே சிறு குறையொன்றைக் கலந்து வைத்தால் கேட்பவரின் அழுக்காறு தணியும் என்று அவர் கூறுவதோ, தன் குறையைக் கூறுமாறு கேட்கும் நேர்காணலுக்கு உழைப்பு மிகுதியைக் குறையாகச் சொல்லப் பழகும் இன்றைய உத்தியை நினைவூட்டுகிறது. இத்தகைய உத்திகளில் புளூட்டார்க் காட்டும் தேர்ச்சி வியப்புக்குரியதாயினும், உண்மை என்னும் அளவுகோலை அவை கைநழுவ விடுகின்றன என்ற குறை எஞ்சுகிறது.

தன்னைப் புகழ்வது ஒரு சிக்கலென்றால், தலைமையைக் கேட்பது அதனினும் பெரிய சிக்கல். பொறுப்பைக் கேட்டுப் பெற்றால் அதனிடமே தனித்து விடப்படுவாய், கேளாமல் வந்தால் அதில் உதவி பெறுவாய், ஆகவே ஆட்சிப் பொறுப்பைக் கேட்காதே என்று அப்துர் ரஹ்மான் இப்னு சமுராவிடம் நபிகள் நாயகம் கூறியதாக புகாரி, முஸ்லிம் தொகுப்புகளில் நபிமொழி உள்ளது. குர்ஆனின் பன்னிரண்டாம் அத்தியாயத்திலோ நபி யூசுஃப், நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாளராக்குமாறு மன்னரிடம் தாமே கேட்கிறார். தாம் நன்கு காப்பவர், அறிவுடையவர் என்பதைக் காரணமாகவும் கூறுகிறார். இதே வரலாறு ஆதியாகமத்தில் வரும்போது யோசேப்பு அறிவும் விவேகமும் உள்ள ஒருவனைத் தேடி நியமிக்குமாறு பார்வோனுக்கு ஆலோசனை மட்டும் கூற, பார்வோன் அவரையே தேர்ந்துகொள்கிறான் என்பது ஒப்பிட்டு நோக்கத்தக்கது. யூசுஃபின் வேண்டுகோளை நபிமொழியோடு பொருத்திக் காட்டிய உரையாசிரியர்கள், வரப்போகும் பஞ்சத்தைச் சமாளிக்க வேறு தக்கவர் அங்கே இல்லை என்பதையும், அவர் தம் குலத்தையோ அழகையோ காட்டாமல் அப்பணிக்கு வேண்டிய காவலையும் அறிவையும் மட்டுமே காட்டினார் என்பதையும் எடுத்துக்கூறுவர். பணி எதுவோ அதற்குரிய தகுதியை மட்டும் சொல்லுதல் என்ற இவ்வரம்பு, சாதனைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டி நிரப்பும் விண்ணப்பங்களுக்கு மிக வேண்டிய ஒன்று.

பிளேட்டோ இன்னும் கடுமையானவர். நல்லோர் பணத்துக்காகவோ புகழுக்காகவோ ஆள விரும்பமாட்டார்கள், தம்மினும் தாழ்ந்தவரால் ஆளப்படுவது என்ற தண்டனைக்கு அஞ்சியே ஆள முன்வருவார்கள் என்று குடியரசு நூலின் முதற்பகுதியில் சாக்ரட்டீசின் வாயிலாகக் கூறுகிறார். இவ்வளவையை அப்படியே ஏற்றால் தலைமைத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பதே தகுதியின்மைக்குச் சான்றாகிவிடும். அவ்வாறு கொள்வது பிழையே. மாணவர் கேட்பது ஆட்சியையன்று, கற்கும் வாய்ப்பை. ஆயினும் இத்திட்டங்கள் தலைமை என்னும் சொல்லைக் கல்வி என்னும் சொல்லுக்கு மாற்றாக ஆளுவதால், கற்க வருபவர் ஏற்கெனவே தலைவராகி வந்து நிற்க வேண்டிய நெருக்கடி உண்டாகிறது. கற்க விரும்புவதை மட்டும் நேராகச் சொல்லும் மாணவருக்கு அங்கே இடம் குறைவு என்பது வருந்தத்தக்கது.

கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலில் புனித பவுல் இச்சங்கடத்தை வெளிப்படையாகவே பேசுகிறார். மற்றவர்களைப்போல் உங்களிடம் எங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டுமோ என்று வினவி, நீங்களே எங்கள் கடிதம் என்கிறார். தாம் யாருக்கு உழைத்தாரோ அவர்களே தமக்குச் சான்று என்பது அதன் கருத்து. பின்னர் எதிரிகளின் பழிப்பால் நெருக்குண்டு தம்மைப் பற்றிப் பெருமை பேச நேரும்போது, இது அறிவீனம் என்று ஒப்புக்கொண்டே பேசுகிறார். அவர் தரும் பட்டியலில் இருப்பவை வெற்றிகளல்ல, ஐந்து முறை பட்ட கசையடிகளும் மூன்று முறை உடைந்த கப்பல்களும் பசியும் குளிரும். அப்பட்டியலின் முடிவில் அவர் வைப்பது, தமஸ்கு நகரின் மதிலிலிருந்து கூடையில் வைத்துத் தாம் இறக்கிவிடப்பட்டுத் தப்பியோடிய நிகழ்ச்சியை. கயிற்றைப் பிடித்து இறக்கியவர்கள் பெயர் அங்கே இல்லையென்றாலும், பிறர் கையால் தாம் பிழைத்ததைத் தம் பெருமைகளின் முடிவில் நிறுத்தியது தன்விவரக் கட்டுரை எழுதுவோர் ஊன்றிப் படிக்கத்தக்க அமைப்பு.

இதுகாறும் கூறியவை விண்ணப்பிப்பவருடைய அறம் பற்றியவை. ஓலை பெறுபவருக்கும் அறம் உண்டு என்பதில் சங்கப் புலவர்கள் உறுதியாக இருந்தனர். குன்றும் மலையும் கடந்து வந்த பெருஞ்சித்திரனாருக்கு அதியமான் நெடுமான் அஞ்சி நேரில் காணாமலே பரிசு கொடுத்தனுப்பியபோது, காணாது தந்த பொருளைக் கொள்ளத் தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்று அவர் மறுத்ததையும், தகுதியின் அளவறிந்து தரப்படுமாயின் தினையளவும் இனிது என்றதையும் புறநானூறு பதிவுசெய்கிறது. மலையமான் திருமுடிக்காரியிடம் கபிலர் கூறியது இதற்கு இணையானது. நாற்றிசையிலிருந்தும் பரிசிலர் வந்து குவியும்போது கொடுத்தல் எளிது, அவரவர் வரிசை அறிதலே அரிது, ஆகவே எல்லோரையும் பொதுவாக நோக்குதலை விடவேண்டும் என்றார். வரிசை என்பது இங்கே ஒருவருடைய தரமறிந்து அதற்கேற்ப மதித்தல். விண்ணப்பங்கள் குவிய, ஒவ்வொன்றும் சில நிமிடங்களில் படிக்கப்பட்டு எண்ணாக மாற்றப்படும் இடத்தில் கபிலரின் அறிவுரை நிறைவேற்றக் கடினமானது. ஆனால் அது நிறைவேறாத அளவுக்கு ஓலை எழுதுவோரின் குரல் உயர்ந்துகொண்டே போகும் என்பதையும், அக்குரலுயர்வின் பழி முழுவதையும் மாணவர் மேல் சுமத்துதல் முறையாகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்கே நன்னூல் கூறும் நால்வரை மீண்டும் நினைவுகூர்தல் பொருந்தும். இன்றைய பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் ஆசிரியரிடமோ மேலதிகாரியிடமோ கேட்கப்படுகிறது. நால்வருள் முதல்வர் மட்டும் எஞ்சினார். உடன் கற்றவரும் கீழிருந்து கற்றவரும் விடுபட்டுப் போயினர். தலைமையைச் சோதிக்கும் திட்டமொன்று, தலைமையை மேலிருந்து கண்டவரிடம் மட்டும் கேட்டு, அதன் கீழ் இருந்தவரையும் அதற்குத் தோள்கொடுத்தவரையும் கேளாது விடுவது அறிவுக்குப் பொருந்தவில்லை. வியப்பாக, இதை உணர்ந்திருந்த மேலைநாட்டு ஆவணம் ஒன்று உண்டு. 1902இல் இறந்த செசில் ரோட்ஸ் தம் உயிலில் ஆக்ஸ்ஃபர்டு உதவித்தொகைக்குரிய தகுதிகளைக் கூறும்போது, கல்வித்திறத்தைத் தேர்வாலும், ஒழுக்க வலிமையையும் தலைமை உணர்வையும் தலைமையாசிரியர் மதிப்பீட்டாலும், விளையாட்டுத் திறத்தோடு உண்மை, துணிவு, எளியோரிடம் பரிவு, தன்னலமின்மை ஆகியவற்றை உடன் பயிலும் மாணவர்களின் வாக்காலும் அளக்கவேண்டும் என்று எழுதினார். பேரரசு வேட்கையால் தென்னாப்பிரிக்க மண்ணுக்கு அவர் இழைத்த தீங்கு பெரிது. 2015இல் கேப்டவுன் பல்கலைக்கழகத்திலிருந்து அவர் சிலை அகற்றப்பட்டது நியாயமானது. 1977 வரை பெண்களுக்கு இடமளிக்காத உதவித்தொகை அது. அத்தகைய ஒருவருடைய உயிலிலும் தன்னலமின்மைக்குச் சாட்சி கூற வேண்டியவர் வகுப்புத் தோழரே என்ற தெளிவு இருந்தது. இன்று அவ்வுதவித்தொகையும் தேர்வுக்குழுக்களின் நேர்காணலாலேயே வழங்கப்படுகிறது.

உடனிருந்தோரின் சாட்சியத்தைத் திட்டங்கள் கேளாவிட்டாலும் மாணவர் அதைத் தாமே கேட்டுக்கொள்ளத் தடை ஏதும் இல்லை. கட்டுரையை அனுப்புமுன், அதில் வரும் நிகழ்ச்சிகளில் உடன் இருந்தவர்களிடம், விறகு கொணர்ந்தவரிடமும் தெருவை அறிந்திருந்தவரிடமும், அவரவர் மொழியில் அதைப் படித்துக்காட்டலாம். அவர்கள் தலையசைக்கும் இடத்தில் ‘நான்’ அப்படியே நிற்கும்; அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் இடத்தில் அத்தொடரைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.